நூல்நிலையத்தார்க்கு வேண்டும் புதுப்பயிற்சி

(மேச்சேரியிற் கூடிய நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வவையில் எம்மைப் பேசப் பணித்த நிருவாகக் குழுவினர், கல்வியைப்பற்றி எதனையாயினும் பேசுக என்று எம் விருப்பிற்கே விட்டுவிட்டனர். கல்வியின் சிறப்பைப் பொதுவகையிற் பேசுதல் எளிது; கேட்டலும் இனிது; கூட்டங் கலைந்தபின் மறத்தல் அதனினும் எளிது. ஆதலின் யாம் அவ்வழிச் செல்லாது, நம் சங்கத்தின்முன் இப்பொழுது நிற்கும் செய்தி ஒன்றனையே எடுத்துக்கொண்டோம். நம் பக்கத்து நூல்நிலையங்கட்குக் கணினிகள் நான்கு வாங்கி அளித்தல் வேண்டும் என்னும் தீர்மானம் இன்று பிற்பகல் வரவிருக்கின்றது. அதனை மறுக்க யாம் வரவில்லை. அதனோடு இன்னொன்று சேர்தல் வேண்டும். சேராவிடின் நாம் கொடுக்கும் பொருள் துணி போர்த்துக் கிடக்கும் என்று சொல்லவே வந்தோம். அவ்வின்னொன்று யாதெனின், நூல்நிலையத்திற் பணிபுரிவார்க்கு இணையத்துத் தரவுத்தளங்களைக் கையாளும் பயிற்சி அளித்தலாம்.

தரவுத்தளம் என்னும் சொல் நம் முதியோர்க்குப் புதிதாயிருக்கலாம். இணையம் என்பது ஒரு பெருஞ் சந்தை. அங்கே எவரும் கடை விரிக்கலாம். விற்பவர் யார், சரக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பாரில்லை. தரவுத்தளமோ ஒரு களஞ்சியம். நெல் ஒரு குதிரிலும், கம்பு ஒரு குதிரிலும், கேழ்வரகு ஒரு குதிரிலுமாக இட்டு, இன்னது இன்ன நாளில் இன்னாரிடமிருந்து வந்தது என்று சீட்டெழுதிக் காப்பவர் ஒருவர் அங்கே உளர். சந்தையில் விரைவு உண்டு; களஞ்சியத்தில் உறுதி உண்டு. சந்தைக்கு வழி யாவர்க்கும் தெரியும். களஞ்சியத்தின் திறவுகோல் சிலரிடமே இருக்கின்றது. அத்திறவுகோல் நூலகர் கையில் வரல் வேண்டும் என்பதே எம் கருத்து.

இனி, எம் பிழை ஒன்றைக் கூறிப் பொருளுட் புகுவோம். சில ஆண்டுகட்கு முன்னர், எம்மிடம் ஒன்பதாம் வகுப்புப் பயின்ற மாணவி ஒருத்தி, பள்ளி அறிவியற் கண்காட்சிக்காக நம்மூர்ப் பெயர் தாங்கிய மேச்சேரிச் செம்மறியாட்டைப்பற்றி ஓர் அட்டை எழுதினாள். யாம் தமிழாசிரியராதலின் எழுத்துப்பிழை திருத்தும் பணி எம்பால் வந்தது. செல்பேசியில் தேடி அவள் எடுத்த செய்திகளுள், இவ்வாட்டின் கம்பளி உயர்ந்தது என்றொரு வரி இருந்தது. கம்பளி என்பதில் ளகரம் சரியாக இருக்கின்றதா என்று பார்த்தோமேயன்றிச் செய்தி சரியா என்று பாராமற் கையெழுத்திட்டோம். கண்காட்சிக்கு வந்த அவள் பாட்டனார் அட்டையைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, “வாத்தியாரய்யா, நம்ம ஆட்டுக்கு ஏதுங்க கம்பளி?” என்றார். சூழ நின்றார் யாவரும் நகைத்தனர். மேச்சேரியாட்டின் உடலில் குறுமயிர் உண்டேயன்றிக் கம்பளி இல்லை; இறைச்சியாலும் தோலாலும் பேர்பெற்ற இனம் அது. பட்டியில் ஆடு நிற்க, யாம் செல்பேசியிற் கம்பளி தேடினோம்!

அவ்வெட்கம் நீங்க மெய்ச்செய்தி தேடப் புகுந்து, அருகிலுள்ள நூல்நிலையம் ஒன்றனுக்குச் சென்றோம். அதன் பெயர் இங்கு வேண்டா. கணினி இரண்டு துணி போர்த்து இருந்தன. அந்நூலகர் கடமையிற் குறைந்தவரல்லர். எந்நூல் எவ்வடுக்கில் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வல்லவர். அவர், “ஐயா, பொறி வந்தது, அதிற் தேடக் கற்பிப்பார் ஒருவரும் வரவில்லை” என்றார். பின்னர்க் கல்லூரி நூலகர் ஒருவர் அரைமணிப் பொழுதில் எமக்கு மூன்று களஞ்சியங்களைத் திறந்து காட்டினார். ஒன்று, கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் பதிவுசெய்துள்ள இந்தியக் கால்நடையினங்களின் தொகுதி. மேச்சேரி இனம் அதில் உண்டு. இரண்டாவது, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் உலகத்துக் கால்நடையினங்களைத் தொகுத்து வைத்திருக்கும் தரவுத்தளம். மூன்றாவது, வேளாண்மை, கால்நடைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைத் தாங்கி நிற்கும் கிருஷிகோஷ் என்னும் களஞ்சியம். நம்மூரை அடுத்த பொட்டனேரியிலே மேச்சேரிச் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருப்பதை இங்குள்ளார் யாவரும் அறிவர். நம் ஆட்டைப்பற்றி அளந்தும் நிறுத்தும் எழுதிய எழுத்துக்கள் கடல் கடந்த நாட்டாருக்கும் கிட்டுகின்றன. பொட்டனேரிக்கு நடந்துபோகும் தொலைவிலிருக்கும் நமக்குக் கிட்டவில்லை.

இதனோடு முடிந்திருந்தால் நகைத்துவிட்டுப் போயிருப்போம். அம்மாணவி பன்னிரண்டாம் வகுப்புத் தேறிக் கால்நடை மருத்துவம் பயில விழைந்தாள். அரசுப்பள்ளியிற் பயின்றார்க்கு 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கும் சட்டம், மருத்துவப் படிப்புக்கு 2020-ஆம் ஆண்டிலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் முதலிய படிப்புக்களுக்கு 2021-ஆம் ஆண்டிலும் வந்தது. அவளும் அதற்குரியவளே. ஆயின், பொறியியற் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தால் அதுவே எல்லாவற்றிற்கும் ஆகும் என்று கணினிக் கடையொன்றிற் சொன்னதை நம்பியிருந்தாள். கால்நடைப் படிப்புக்கு விண்ணப்பம் வேறு. அதன் நாளும் வேறு. உண்மை தெரிந்தபொழுது நாள் கடந்துவிட்டது. இன்று அவள் வேறொரு பட்டப்படிப்புப் பயில்கின்றாள். கடைக்காரரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. யாமும் உரிய நாளில் அவளைக் கேட்டிலோம். அவள் தந்தையார் ஒவ்வோராண்டும் வீட்டுவரி செலுத்துகின்றார். அவ்வரியில் ரூபாய் ஒன்றுக்குப் பத்துக் காசு வீதம் நூலக வரியும் சேர்ந்தே செல்கின்றது. அவ்வரியால் நடைபெறும் நூல்நிலையத்தில், “அம்மா, அந்த விண்ணப்பம் வேறு, இதோ பல்கலைக்கழகத்தின் அறிவிப்பு” என்று சொல்லப் பயின்ற ஒருவர் இருந்திருப்பின், அக்குடும்பத்தின் வழி வேறாயிருக்கும்.

அன்பர்களே! நமக்கு அருகிலுள்ள மேட்டூர் அணை 1934-ஆம் ஆண்டிலே கட்டி முடிந்தது. காவிரி நீர் கீழ்நாடு நோக்கிப் பாய்ந்து தஞ்சைத் தரணியை விளைவித்தது. அணைக்கு அருகேயுள்ள நம் மேட்டுநிலத்து ஏரிகளோ வானம் பார்த்தே கிடந்தன. நீர் இல்லாமையாலன்று, மேடேற்றும் வகை இல்லாமையால். 80 ஆண்டுகட்கு மேற் சென்றபின்னரே, மிகைநீரை இறைத்துச் சேலம் மாவட்டத்து 100 ஏரிகளுக்குக் கொண்டுசெல்லும் திட்டம் வகுக்கப்பட்டது. இணையத்துக் களஞ்சியங்களும் நிறைந்த அணைகளே. நம்மூர்க் குடிகளின் வாயிலுக்கு அந்நீரை ஏற்றித் தருபவர் நூலகர். கணினி குழாய் மட்டுமே. குழாயை மட்டும் பதித்து, இறைப்பாரை அமர்த்தாது விடுதல் அறிவுடைமையாகாது.

நூலகர்க்குப் பயிற்சி எதற்கு, நூலை எடுத்துக் கொடுப்பதும் வாங்கி வைப்பதுந்தானே அவர் வேலை என்று கேட்பார் சிலர் உளர். இவ்வினா பழையது, இதற்கு விடை கண்டவரும் நம் தமிழ்நாட்டவரே. சீகாழியில் 1892-ஆம் ஆண்டிற் பிறந்த அரங்கநாதனார், கணித ஆசிரியராயிருந்து, 1924-ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழகத்து நூலகரானார். தொடக்கத்தில் அப்பணியில் அவர்க்கு மனம் ஒட்டவில்லை. இலண்டன் மாநகர் சென்று பயின்று, அந்நாட்டு நூல்நிலையங்கள் பலவற்றைக் கண்ட பின்னரே, இஃது ஒரு கலை, ஓர் அறிவியல் என்று உணர்ந்தார். தாம் பயின்றதால் விளைந்த நலத்தைப் பிறரும் பெறவேண்டும் என்று கருதினார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றிற்று. மறு ஆண்டே அச்சங்கம் நூலகப் பயிற்சி வகுப்பைத் தொடங்கிற்று. 1931-இல் பல்கலைக்கழகமே அவ்வகுப்பை ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டிலேதான் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர்தோறும் கொண்டு செல்லும் நூல்நிலையமும் புறப்பட்டது. பின்னர் 1948-இல், விடுதலைபெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டத்தைச் சென்னை மாகாணம் இயற்றிற்று. இவ்வாண்டுகளின் வரிசையைக் கவனித்தல் வேண்டும். பயிற்சி வகுப்பு 1929. சட்டமும் வரியும் 1948. ஆளைப் பயிற்றும் வேலை முன்னே சென்றது. பொருளும் கட்டடமும் பின்னே வந்தன. இன்று நாம் அவ்வரிசையைத் தலைகீழாக்கி, பொறியை முன்னே விட்டு ஆளைப் பின்னே விடுகின்றோம்.

பிறநாட்டுச் செய்தி ஒன்றும் கூறுவோம். இங்கிலாந்தைத் தலைமையாகவுடைய பிரித்தானியாவில், பொது நூல்நிலையங்கள் அனைத்தையும் இணையத்தோடு பிணைக்கும் திட்டம் 1997-ஆம் ஆண்டிற் பேசப்பட்டது. அதற்கெனப் பரிசுச்சீட்டு வருவாயிலிருந்து பத்துக் கோடிப் பவுனைக் கணினிகளுக்கும் இணைப்புகளுக்கும் ஒதுக்கினர். அதனோடு நில்லாது, ஏறத்தாழ 40,000 நூல்நிலைய ஊழியர்களைப் பயிற்றுவதற்கென்றே தனியாக இரண்டு கோடிப் பவுன் ஒதுக்கினர். பொறிக்கு ஐந்து பங்கு என்றால் ஆளுக்கு ஒரு பங்கு. செல்வ நாட்டார்க்கே அது வேண்டியதாயிற்று எனின், நமக்கு வேண்டாவோ?

இனி, அப்பயிற்சி யாதாயிருத்தல் வேண்டும் என்பதைக் கூறுவோம். ஒரு நாள் அழைத்து, திரையிற் படம் காட்டி, சிற்றுண்டி அளித்து, சான்றிதழ் நீட்டி அனுப்புதல் பயிற்சியாகாது. எம் சிற்றறிவிற்குப் பட்ட வகையில் அது ஐந்து உறுப்புடையது.

முதலாவது, வந்தவர் வினாவை அறிதல். ஆட்டைப்பற்றி ஒரு புத்தகம் வேண்டும் என்று கேட்பவர்க்கு உண்மையில் வேண்டுவது நோய்க்கு மருந்தா, வங்கிக் கடனா, கண்காட்சி அட்டையா என்று இன்சொல்லாற் கேட்டறிதல் வேண்டும். வினா தெளியாமுன் விசைப்பலகையில் விரல் வைத்தல் கூடாது.

இரண்டாவது, எக்களஞ்சியம் எதற்குரியது என்று அறிதல். பழந்தமிழ் நூல் வேண்டுவோர்க்கு 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் உள. ஈழத்து நூல்களும் இதழ்களும் வேண்டுவோர்க்கு 2005 முதல் நடைபெறும் ‘நூலகம்’ என்னும் களஞ்சியம் உண்டு. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான துயரை அறிந்தார்க்கு, அக்களஞ்சியத்தின் அருமை சொல்லாமலே விளங்கும். பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா. பாடநூல்களுக்கும் பலதுறை நூல்களுக்கும் கரக்பூரிலிருந்து நடைபெறும் இந்தியத் தேசிய மின்னூலகம். இவை கட்டணமின்றித் திறப்பன. கட்டணக் களஞ்சியங்களும் உள. 2025-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து நடுவணரசு, ஒரே நாடு ஒரே சந்தா என்னும் திட்டத்தால் ஏறத்தாழ 13,000 ஆராய்ச்சி இதழ்களை அரசு உயர்கல்வி நிலையங்கட்கும் ஆராய்ச்சி நிலையங்கட்கும் திறந்துவிட்டது. பொது நூல்நிலையம் அதனுள் அடங்கவில்லை. ஆயினும் அரசுக் கல்லூரியிற் பயிலும் நம் பிள்ளை அதற்குரியவன் என்பதையும், தன் கல்லூரி வழியாக அதனைப் பெறலாம் என்பதையும் எடுத்துச் சொல்ல நூலகர் அறிந்திருத்தல் வேண்டும். இது திறக்கும், இது திறவாது, இதற்கு வேறு வாயில் உண்டு என்று அறிதலும் அறிவேயாம்.

மூன்றாவது, சொல்லை அறிதல். இதுவே எம் துறையாதலின் சிறிது விரித்துரைக்க இசைவு வேண்டுகின்றோம். பிறநாட்டார் எழுதிய பயிற்சிப் பாடத்தை அப்படியே கொணர்ந்து ஓதினால், தமிழில் தேடுவார்க்கு அது பாதியே பயன்படும். ‘நூலகம்’ என்று இட்டுத் தேடினால் ‘நூலகத்தில்’ என்று எழுதிய பக்கம் பல களஞ்சியங்களில் வாராது. மகரங் கெட்டு அத்துச்சாரியை வந்ததைப் பொறி அறியாது. ‘ஆடு’ என்று தேடினால் ‘ஆட்டின்’ என்பது ஒளிந்துகொள்ளும். ஒற்று இரட்டித்ததைப் பொறி அறியாது. ‘மேச்சேரி ஆடு’ என்பதும் ‘மேச்சேரியாடு’ என்பதும் நமக்கு ஒன்று, பொறிக்கு இரண்டு. நம்மூர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுவார் பல்வேறு வகையாக எழுதுகின்றனர். ஒருவகையில் தேடி இல்லையென்று எழுந்து போனவர், மற்றொரு வகையில் தேடியிருப்பின் பெற்றிருப்பர். சாமிநாதையர், சுவாமிநாத ஐயர், உ. வே. சா. என மூவகையாக எழுதினும் ஆள் ஒருவரே என்பது மனிதர்க்குத் தெரியும்.

மேலும், பழைய கோப்புகள் வெவ்வேறு எழுத்துருக் குறியேற்றங்களில் எழுதப்பட்டன. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது 2010-ஆம் ஆண்டிலேதான். 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, றா முதலியவை பழைய உருவில் நிற்கும். அப்பக்கத்தைப் படம் பிடித்து எழுத்தாக்கும் பொறி அங்கே இடறி விழும். படமாக மட்டும் கிடக்கும் நூலிலோ உட்சொல்லைத் தேடவே இயலாது. நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் கொண்டே அணுகல் வேண்டும்.

இன்னும் ஒன்று. நம் உழவர் “ஆட்டுக்குத் துள்ளுமாரி வந்துவிட்டது” என்று சொல்லி வருவார். ஆராய்ச்சிக் களஞ்சியத்திலோ அந்நோய்க்கு ‘எண்டிரோடாக்சீமியா’ என்று பெயர். அவ்விரு சொற்கும் இடையே பாலமாக நிற்கும் ஒருவர் இல்லையேல், மருந்து ஒரு கரையிலும் ஆடு மறுகரையிலும் நிற்கும். இலக்கணப் பயிற்சியும், ஊர்வழக்குச் சொல்லறிவும், துறைச்சொல் அறிவும் கலந்த இவ்வித்தையைத் தமிழிலேயே கற்பித்தல் வேண்டும்.

இஃது ஒன்றும் நமக்குப் புதிய கலையன்று. சாமிநாதையரவர்கள் 1887-இல் சிந்தாமணியையும் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சிற் கொணர்ந்ததற்கு முன், ஊர் ஊராகச் சென்று சுவடி தேடினார். ஒரே பாட்டின் பாடபேதங்களை ஒப்புநோக்கினார். ஒரு சொல் எத்தனை வடிவில் ஒளிந்து கிடக்கும் என்பதை அறிந்து தேடினார். அன்று பனையோலை, இன்று ஒளித்திரை. தேடுவார்க்கு வேண்டும் பொறுமையும் சொல்லறிவும் ஒன்றே.

நான்காவது, மெய்யும் பொய்யும் பிரித்தல். எழுதியவர் யார், எப்பொழுது எழுதினார், எதைக்கொண்டு எழுதினார் என்னும் மூன்றனையும் கேளாமல் எச்செய்தியையும் வந்தவர் கையிற் கொடுத்தல் கூடாது. இம்மூன்றனுள் ஒன்றையேனும் யாம் கேட்டிருப்பின் அக்கம்பளி வந்திராது.

ஐந்தாவது, வந்தவர் மறை காத்தல். பொதுக் கணினியில் ஆதார் எண்ணும், வங்கிக் கணக்கும், கடவுச்சொல்லும் இட்டுவிட்டு அப்படியே எழுந்து செல்வார் பலர். அவர் எழுமுன் அவற்றைத் துடைத்து விடுதலும், யார் எதைத் தேடினார் என்பதைப் பிறர்க்கு உரையாமையும் நூலகர் அறமாம்.

இளைஞர் சிலர், “ஐயா, செல்பேசி கையிலிருக்க நூலகர் எதற்கு? கேட்டவுடன் விடை சொல்லும் செயற்கை நுண்ணறிவுப் பொறியும் வந்துவிட்டதே” என்று எம்மைக் கேட்டனர். நன்று கேட்டனர். அப்பொறி தங்குதடையின்றிப் பேசுகின்றது. பிழையையும் அவ்வாறே தங்குதடையின்றிப் பேசுகின்றது. அது சொன்னதைக் களஞ்சியத்தோடு ஒத்துப்பார்க்கத் தெரிந்தவனுக்கு அது நல்ல ஏவலாள். தெரியாதவனுக்கு அதுவே எசமானன். முன்னர் விடை அரிதாயிருந்தது. இன்று விடை மலிந்து, நல்விடை அரிதாயிற்று. ஆதலின் பயின்றவரின் தேவை மிகுந்ததேயன்றிக் குறையவில்லை.

இனிச் சங்கம் செய்யத்தக்கது யாது? எம் வேண்டுகோள் மூன்று. ஒன்று, நான்கு கணினிக்கு எண்ணிய பொருளில் இரண்டு கணினி வாங்கி, எஞ்சிய பொருளைப் பயிற்சிக்கு ஒதுக்குக. மாவட்ட நூலக ஆணைக்குழுவின் இசைவு பெற்று, கல்லூரி நூலகர் ஒருவரைக் கொண்டு, விடுமுறை நாட்களிற் பத்து அரைநாள் வகுப்பு நடத்தலாம். ஒவ்வொரு வகுப்பிலும், அவ்வாரம் ஊரார் மெய்யாகவே கேட்ட வினாக்களையே பாடமாக வைத்தல் வேண்டும். இரண்டு, நூல்நிலையத்தில் வினாப் பதிவேடு ஒன்று வைத்து, கேட்டவர் பெயரை விடுத்து, கேட்ட வினாவையும், விடை கிட்டிய இடத்தையும், கிட்டாத வினாவையும் எழுதிவருக. ஓராண்டில் அதுவே நம்மூர்க்கு ஏற்ற பாடநூலாகும். பணிமாற்றத்தால் நூலகர் மாறினும் ஏடு மாறாது. மூன்று, நம் குடும்பத்து இளைஞரும் மகளிரும் அவ்வகுப்பில் அமர்ந்து பயின்று, விண்ணப்பக் காலங்களில் நூலகர்க்குத் துணை நிற்க.

இங்கே ஒரு சொல். வகுப்பு நம் சங்கத்தார்க்கு மட்டுமோ என்று சிலர் கேட்டனர். நூல்நிலையத்து வரியை ஊரார் அனைவரும் கொடுக்கின்றனர். அதன் வாயில் அனைவர்க்கும் திறந்திருக்கின்றது. நாம் ஊட்டும் பயிற்சியால் ஊர் முழுதும் பயன்பெறுமாயின் அது சங்கத்திற்குக் குறைவன்று, பெருமையேயாம். ஏரிக்கு நீர் கொணர்ந்தவன், கிணறூறும் அண்டை நிலத்தானைக் கண்டு வருந்துவானோ?

பிற்பகல் தீர்மானம் வரும்பொழுது, நிருவாகக் குழுவினர் இவற்றை எண்ணிப் பார்க்க வேண்டுகின்றோம். அடுத்த ஆண்டு விண்ணப்பக் காலம் வருமுன் ஒரு நூலகரேனும் பயின்று நிற்பாராயின், எம் மாணவி இழந்த ஆண்டை இன்னொரு வீட்டுப் பெண் இழவாள். அவள் பாட்டனாரிடம் அதனைச் சென்று சொல்லும் நாளை யாம் எதிர்பார்த்திருக்கின்றோம்.